தேரியின் நான்கு மூலைகள்

ணங்.

அந்த ஓசையை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கேட்டார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. தேரிக்காட்டில், காற்று கொண்டுவந்து குவித்த செம்மணலுக்கடியில் எங்கோ ஓர் எல்லைக்கல் புதைந்து கிடந்தது. தலையாரி கடப்பாரையை இறக்கி இறக்கிப் பார்த்தார். காலையிலிருந்து மணல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டே இருந்தது. வெயில் சாயும் நேரத்தில், கடப்பாரை முக்கால்வாசி உள்ளே போன பிறகு, இரும்பு கல்லைத் தொட்டது.

மறு ஆண்டு போனபோது அந்த மேடே அங்கே இல்லை. மேடு நகர்ந்துவிட்டிருந்தது.

பொன்னுலிங்கம் முப்பத்து நான்கு ஆண்டுகள் நில அளவையராக இருந்தார். வயல், தோட்டம், சுடுகாடு, குளத்தங்கரை என்று எல்லாவற்றையும் கோடாகவும் எண்ணாகவும் ஆக்கினார். தேரியை மட்டும் ஆக்க முடியவில்லை. அவர் வரைந்த படத்தில் அது ஒரு வெற்றிடம். நடுவில் 'மணல்' என்று ஒரு சொல்.

அறுபத்து நான்காவது வயதில் ஒரு கேமரா வாங்கினார்.

தேரியை ஒரு படம் எடுக்க வேண்டும். ஒழுங்காக, ஒரே ஒரு படம்.

அவசரம் இருந்தது. திருநெல்வேலியில் கண் மருத்துவர் சொல்லியிருந்தார்: கண்ணுக்குள் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். சொட்டுமருந்து அதைத் தாமதப்படுத்தும். போனதைத் திருப்பித் தராது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

*

உடன்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜெபக்கனிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாண வீடு, பாஸ்போர்ட் படம் எல்லாம் பிழைப்புக்கு. காற்றுக் காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுத் தேரிக்குப் போய்விடுவாள். அவள் எடுத்த தேரிப் படங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள்.

பொன்னுலிங்கம் அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். முதலில் சிரித்தாள். பிறகு பழகிவிட்டது.

ஒரு நாள் ஒரு படத்தைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார்.

"வாத்தியாரம்மா, நான் பாக்காததெல்லாம் என் படத்துல வந்து நிக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். மணல்மேடு. நல்ல வெளிச்சம். இடது ஓரத்தில் ஓர் ஆட்டின் பின்பாதி.

"இந்த ஆட்டை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"நான் எங்க வரச் சொன்னேன்? நான் எடுக்கும்போது அங்க ஆடே இல்ல."

"அப்ப படத்துக்குள்ள குட்டி போட்டுட்டு போலருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த படத்தை வைத்தார். வலது மேல்மூலையில் மின்கம்பி. அடுத்தது. கீழ் ஓரத்தில் ஒரு ரப்பர் செருப்பு.

"ஓரத்தைப் பாருங்க அண்ணாச்சி. நடுவுல இருக்கறதை யார் வேணும்னாலும் பாப்பாங்க."

"பாக்கேன்."

"பாக்கல."

*

அவளுடைய முதல் பாடம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அது கால் பற்றியது.

முதல் நாள் தேரியில் இறங்கியதும் அவர் அழகான மேட்டில் நேரே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். கேமராவைத் திறந்தபோது, கண்ணெதிரே மேட்டின் மார்பில் ஏழெட்டுக் காலடிகள். அவருடையவைதான்.

"இதுல எங்க நிக்கணும்?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எங்கயும் நிக்க முடியாது. அந்த மேடுதான் படம். அதை மிதிச்சிட்டீங்க."

"இனி?"

"காத்து அழிக்கணும். நாளைக்கு வாங்க."

அன்றிலிருந்து அவர் வெகுதூரம் சுற்றி, மேட்டின் முதுகுப்பக்கமாகவே வந்தார்.

ஓரத்தைப் பார்க்கும் இந்த இரண்டாவது பாடம்தான் ஏறவில்லை.

*

ஆனி கடைசியில் ஒரு காலை. மணல் கணுக்காலில் ஊசிபோல் குத்திக்கொண்டு ஓடியது. வெயிலில் கேமராவின் திரை வெளுத்துவிடும் என்பதால் அவர் எப்போதும் கண்துளை வழியாகத்தான் பார்ப்பார்.

ஜெபக்கனி ஒரு வெள்ளை அட்டையும் பென்சிலும் கொடுத்தாள்.

"துளை வழியா பாத்துட்டு, நாலு மூலையிலயும் என்ன இருக்குன்னு வரைஞ்சு தாங்க."

அவர் பார்த்தார். வரைந்தார். நடு மேடு அச்சாக வந்தது. கை பழகிய கை.

மூலைக்கு வந்ததும் பென்சில் நின்றது.

முப்பத்து நான்கு ஆண்டுகளில், அளவுச்சங்கிலி தொடாத ஓர் அளவை அவர் புத்தகத்தில் எழுதியது கிடையாது. மேலதிகாரி மிரட்டியபோதும் எழுதியதில்லை. அன்று எழுதினார். கீழ் இடது மூலையில் ஒரு கொல்லாஞ்செடி போட்டார். தேரியில் அந்த முந்திரிச்செடி எங்கும் இருக்கும்.

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ன?"

"கொல்லாஞ்செடி."

"அங்க என் ஸ்கூட்டர் நிக்குது அண்ணாச்சி."

அவர் பென்சிலைச் சட்டைப்பையில் போட்டார்.

அவள் அட்டையைத் திருப்பித் தரவில்லை. "சரி. அதே இடத்துல நின்னு ஒண்ணு எடுங்க."

அவர் கண்ணைத் துளையில் வைத்தார். மேடு இருந்தது. மேட்டின்மேல் காற்று கீறிய வரிகள் இருந்தன. வேறு எதுவும் இல்லை. அழுத்தினார்.

"பாருங்க," என்ற குரல் முன்பக்கத்திலிருந்து வந்தது.

அவள் வந்து இரண்டு கைகளையும் குவித்துத் திரைக்கு நிழல் கொடுத்தாள். படத்தின் இடது ஓரத்தில் ஜெபக்கனி கைகட்டி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்ப அங்க போனீங்க?"

"நீங்க குனியறதுக்கு முன்னாலயே."

அவள் கைகளை விலக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்பிடி?"

"ரெண்டு வருஷம்."

"கறுப்பா தெரியுதா?"

"கறுப்பா தெரிஞ்சாதான் பரவாயில்லையே. ஒண்ணும் தெரியல. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி மணலும் வானமும் ஒழுங்கா இருக்கு."

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. இப்ப ஒங்களுக்கு."

"மகளுக்கு?"

"சொன்னா நாளைக்கே நாகர்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயிருவா. போனா இந்தப் படம் இல்ல."

அவள் அவர் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றினாள். பைக்குள் வைத்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள். அவ்வளவுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"மருந்து ஒழுங்கா ஊத்துதீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல."

"ஒரு வயலை அளக்கப் போனா முதல்ல எங்க நிப்பீங்க?"

இந்தக் கேள்வி எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. "மூலைக்கல்லுல."

"நடுவுல நின்னா ஆகாதா?"

"நடுவுலயா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "நடுவுல நின்னுக்கிட்டு எவனாவது அளப்பானா? நாலு மூலையும் தெரியாம நடு எங்கன்னு ஒங்களுக்கு யார் சொன்னா? நல்லா இருக்கே கதை."

அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். போய் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பின்னால் உட்கார்ந்து பாதி தூரம் வந்த பிறகுதான், தான் சொன்னது பொன்னுலிங்கத்தின் காதில் விழுந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"என்ன அண்ணாச்சி, எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

அவள் நிறுத்தவில்லை. "காலையில வாங்க," என்றாள்.

*

ஆடி பிறந்தது.

முதல் பேருந்தில் அவர் வந்துவிடுவார். முக்காலியை ஊன்றுவார். கண்துளையில் முகத்தைப் பதித்து, தலையைச் சாய்த்து, முதலில் மேல் இடது மூலைக்குப் போவார். அங்கே நிற்பார். அங்கிருந்து இடது ஓரமாகவே கீழே இறங்குவார், அடி அடியாக, ஓர் அங்குலமும் தாண்டாமல். கீழ் மூலை. அடி ஓரம். வலது மூலை. பிறகு ஏற்றம்.

பாதியில் ஏதாவது தட்டும். கிழிந்த பேனர் துண்டு. ஒரு பாட்டில் மூடி. முக்காலியை அரையடி நகர்த்துவார். நகர்த்தினால் நான்கு மூலையும் மாறிவிடும். மறுபடி முதல் மூலையிலிருந்து.

சில சமயம் அந்த மூலை நிலத்தில் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே, வெகுதூரம் சுற்றி, முதுகுப்பக்கமாக நடந்து போய்வருவார். அவர் திரும்பி வருவதற்குள் காற்று வரிகளை மாற்றியிருக்கும்.

"வெளிச்சம் போயிட்டு அண்ணாச்சி."

"போகட்டும். நாளைக்கும் விடியும்ல?"

நான்காம் நாள் ஜெபக்கனிக்கே பொறுக்கவில்லை. மேட்டின் நிழல் கத்திபோல் விழுந்திருந்தது.

"இப்ப எடுங்க! இப்ப, இப்ப!"

"மூணாவது மூலை பாக்கல."

"அய்யோ, நிழல் போகுது! இந்த மாதிரி நிழல் எனக்கே கெடைச்சதில்ல!"

"அப்ப நீங்க எடுத்துக்கோங்க வாத்தியாரம்மா. எனக்கு இன்னும் ஒரு மூலை பாக்கியிருக்கு."

அவள் எடுக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு போய்க் கொல்லாமர நிழலில் உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் நாள் அவர் தடுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்தது. மறுநாள் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தார். பதினான்காம் நாள் மகள் சுகந்தி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது.

"அப்பா, கண்ணு போய்க்கிட்டு இருக்குன்னு என்கிட்ட சொல்லல. தேரியில போய் வெயில்ல நிக்கீங்க. மணல்ல விழுந்து கெடந்தா யார் பாப்பா?"

"ஆடி முடியட்டும். வந்துருதேன்."

"வந்தா திரும்பிப் போக விடமாட்டேன்."

"அதுக்குத்தான் ஆடி முடியட்டும்ங்கேன்."

அவர் எண்ணிப் பார்த்தார். பதினேழு காலைகள் மிச்சம் இருந்தன.

பதினேழு பத்தாகி, பத்து நான்காகி, நான்கு ஒன்றாயிற்று. இதுவரை ஒரு தடவைகூட அவர் அழுத்தவில்லை.

*

கடைசிக் காலையில் காற்று தணிந்திருந்தது. போவதா நிற்பதா என்று யோசிப்பதுபோல் விட்டுவிட்டு வீசியது.

அவர் முக்காலியை ஊன்றினார். முகத்தைப் பதித்தார். ஜெபக்கனி அருகில் வந்து நின்றாள். இந்தத் தடவை அவள் அட்டை கொடுக்கவில்லை.

"மேல இடது?"

"வானம். அதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

"கீழ இடது?"

"மணல் வரி மூணு முழுசா இருக்கு. நாலாவது பாதி. பாதி இருக்கட்டும்."

"கீழ வலது?"

"கழுத்துவரை புதைஞ்ச பனையோட நிழல். முனை உள்ளதான் இருக்கு. ஒரு விரற்கடை எடம் விட்டிருக்கேன்."

அவர் தலையைச் சாய்த்து நான்காவது மூலைக்கு ஏறினார்.

"மேல வலது?"

"ஒரு மேகம் வருது. இன்னும் உள்ள வரல."

"வரட்டுமா?"

"வேண்டாம். வெளியவே நிக்கட்டும்."

கண்ணை அந்த மூலையிலிருந்து எடுக்காமலே அவர் அழுத்தினார். ஒரே ஒரு தடவை.

ஜெபக்கனி கைகளைக் குவித்துக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

திரையில் மேட்டின் உச்சி எழுந்திருந்தது. அந்த ஒரு கணத்தில் வந்த காற்று, உச்சி மணலை மெல்லிய செந்துணிபோல் தூக்கி, கிழியாமல், விழாமல், வானத்தில் பிடித்திருந்தது. அதன் ஊடே மணலின் மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. பதினைந்து ஆண்டுகளாக அவள் தேரிக்கு வருகிறாள்; இப்படி ஒன்று அவளுக்கு அகப்பட்டதில்லை.

"அண்ணாச்சி, நடுவுல இதுக்காகத்தான் காத்திருந்தீங்களா?"

"எதுக்காக?"

"இதுக்கு. நடுவுல இருக்கே, இதுக்கு."

அவர் திரைப்பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். தேடிக் கண்டுபிடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"நீங்கதான எடுத்தீங்க!"

"நான் நாலாவது மூலையிலல்லா நின்னேன், வாத்தியாரம்மா. நடுவை நான் பாக்கவே இல்லையே."

ஜெபக்கனி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

*

ஆடி முடிந்து பொன்னுலிங்கம் நாகர்கோவிலுக்கு, மகள் வீட்டுக்குப் போனார். அடுத்த இரண்டு ஆடியிலும் மகளைச் சம்மதிக்க வைத்துப் பேருந்தில் வந்து போனார். மூன்றாவது ஆடியில் வரவில்லை. அப்போது அவருக்குப் பகலா இரவா என்பது மட்டும் தெரிந்தது.