பாறை உச்சிப் பள்ளியும் உரிமை இலையும்

மருதங்காட்டின் நடுவே ஒரு குளம். அதன் கரையில் ஒரு பள்ளிக்கூடம். காட்டில் பிறந்த குட்டிகளும் குஞ்சுகளும் அங்கேதான் படித்தன. மயில் குஞ்சுக்குப் பக்கத்தில் ஆமைக் குஞ்சு உட்காரும். மந்திக் குட்டிக்குப் பக்கத்தில் முள்ளம்பன்றிக் குட்டி, கொஞ்சம் தள்ளி உட்காரும்.

மூன்று ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்தக் குரல் கேட்டால் ஓடி ஒளிய வேண்டும் என்று மைனா சொல்லிக் கொடுத்தது. எது நச்சுக் காய், எது தின்னும் காய் என்று கீரி சொல்லிக் கொடுத்தது. வேடர்கள் புதரில் மறைத்து வைக்கும் கண்ணிகளைக் கண்டுகொள்வது எப்படி என்று அணில் சொல்லிக் கொடுத்தது. மூவருக்கும் காட்டின் பொதுக் களஞ்சியத்திலிருந்து உணவு வந்தது.

குறையில்லாத பள்ளி என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் நிழல் போதாது. பெற்றோர் எத்தனையோ முறை முறையிட்டார்கள். அமைச்சர் நரி நயவன் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினான். அதோடு சரி.

ஒருநாள் நயவன் மரக்கட்டையின் மேல் ஏறி நின்றான்.

"பெற்றோர்களே! உங்கள் குறை தீர்ந்தது! பாறை உச்சியில் மந்தியார் புதிய பள்ளி தொடங்குகிறார். இனி எல்லாக் குட்டிக்கும் ஆளுக்கொரு உரிமை இலை! பிடித்த பள்ளியில் அதைக் கொடுங்கள். எந்தப் பள்ளியில் இலை சேர்கிறதோ, அந்தப் பள்ளிக்கே களஞ்சியத்து உணவு போகும். போட்டி வந்தால் தரம் தானாக உயரும்!"

"எல்லோருக்கும் ஒரே மாதிரி இலையா?" என்று கேட்டாள் முள்ளம்பன்றி முள்ளம்மா.

"ஒரே மாதிரி! யானைக்கும் எலிக்கும் ஒரே இலை! இதைவிடச் சமத்துவம் உண்டா?"

காடே ஆரவாரம் செய்தது. முள்ளம்மாவும் சேர்ந்து கத்தினாள். அவள் மகன் கூரன் கெட்டிக்காரன். அவன் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

மறுநாள் விடியலில் கூரனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். பாறையடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். சுவர் போல நின்றது பாறை. மந்திக் குட்டிகள் தாவி ஏறின. மயில் குஞ்சுகள் பறந்து போயின. நயவனின் இரண்டு குட்டிகளையும் கழுகுகள் கொடிக்கூடையில் வைத்துத் தூக்கிப் போயின.

"எங்களையும் கொஞ்சம் தூக்கிவிடுங்களேன்!" என்று முள்ளம்மா கூப்பிட்டாள்.

"இது அமைச்சர் வீட்டுக் கூடை!" என்று சொல்லிவிட்டுக் கழுகு போய்விட்டது.

அவள் விடவில்லை. மலையின் பின்பக்கமாகச் சுற்றினாள். முட்புதரில் நுழைந்து, சரளைக்கல்லில் சறுக்கி, மகனை முட்டி முட்டி மேலே தள்ளி, உச்சிக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. கூரனின் பாதங்களில் இரத்தம் கசிந்தது.

பள்ளித் தலைவர் மந்தியார் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"தாமதமாக வந்திருக்கிறீர்கள், அம்மா."

"வழியே இல்லை, ஐயா. சுற்றி வந்தோம். இதோ எங்கள் இலை."

"இலை இருக்கட்டும். ஒரு சின்னத் தேர்வு. அந்தக் கிளையிலிருந்து இந்தக் கிளைக்குப் பையன் தாவ வேண்டும்."

கூரன் தாவினான். கீழே விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்த குட்டிகள் சிரித்தன.

"பாருங்கள், தகுதி இல்லை" என்றார் மந்தியார். "அதோடு பையனுக்கு முள் வேறு இருக்கிறது. மற்ற பெற்றோர் விரும்ப மாட்டார்கள்."

"பிடித்த பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்களே, ஐயா!"

மந்தியார் சிரித்தார். "நீங்கள் எங்களைத் தேர்ந்தெடுக்கலாம், அம்மா. நாங்கள் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இலையில் எழுதியிருக்கிறதா?"

முள்ளம்மா மகனை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். "நான் சரியாகத் தாவவில்லையா, அம்மா?" என்று கூரன் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது.

கூரன் குளக்கரைப் பள்ளிக்கே திரும்பினான்; சில வாரங்களில் அங்கே கீரி மட்டும் மிஞ்சியது. இலைகளில் பாதி மலைக்குப் போய்விட்டது. உணவும் பாதியானது. பசி தாங்காமல் மைனாவும் அணிலும் உச்சிப் பள்ளிக்கு வேலைக்குப் போய்விட்டன. ஆமைகள், முயல்கள், சருகுமான்கள், முள்ளம்பன்றிகள் என ஏற முடியாதவர்களின் பிள்ளைகள் அறுபது பேர். ஆசிரியர் ஒருவர்.

"எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். கண்ணிப் பாடம் எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லித் தந்தால் உயிருக்கு ஆபத்து" என்றது கீரி.

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு மாலை, புதருக்குள்ளிருந்து அலறல் கேட்டது. முள்ளம்மா ஓடினாள். சருகுமான் குட்டி தும்பையின் கால் கண்ணியில் மாட்டியிருந்தது. இழுக்க இழுக்கக் கயிறு இறுகியது. முள்ளம்மா பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தாள். தும்பை பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கால் பிறகு நிலத்தில் ஊன்றவே இல்லை.

"அது கொடி என்று நினைத்தேன், அத்தை" என்று தும்பை அழுதாள். "யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை."

முள்ளம்மாவின் முட்கள் சிலிர்த்து நின்றன. தும்பையைத் தாங்கிக்கொண்டு அவள் நேரே காட்டுச் சபைக்குப் போனாள். அரசர் கொம்பன் யானை நடுவில் நின்றிருந்தார். பக்கத்தில் நயவன்.

"அரசே! இந்தக் குட்டியின் காலைப் பாருங்கள்! இதற்கு யார் பொறுப்பு?"

"வேடன்தான் பொறுப்பு" என்றான் நயவன் சட்டென்று. "அல்லது இந்தக் குட்டியின் தாய். ஏன் நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுக்கவில்லை? இலை கொடுத்தோமே!"

"இலை கொடுத்தாய்! இறக்கை கொடுத்தாயா? வழி கொடுத்தாயா? உன் குட்டிகள் கூடையில் போகின்றன. இவள் சுவரில் ஏற வேண்டுமா? ஏறிப் போனவனையும் முள் இருக்கிறது என்று துரத்திவிட்டார்கள். இருந்த ஆசிரியர்களையும் பிடுங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்று கேட்கிறாயே, வெட்கமாக இல்லை?"

கொம்பன் காதை ஆட்டினார். "அடுத்த பருவத்தில் பரிசீலிப்போம், முள்ளம்மா."

"அடுத்த பருவத்துக்குள் இன்னும் எத்தனை கால் போகும், அரசே?"

அவள் திரும்பி நடந்தாள். களஞ்சியக் குகையின் வாசலில் முட்களை விரித்துக் குறுக்கே படுத்தாள். ஏழு முள்ளம்பன்றிக் குடும்பங்கள் அவள் பக்கத்தில் வந்து படுத்தன. ஆமைகளும் முயல்களும் சருகுமான்களும் பின்னால் உட்கார்ந்தன.

இலைக் கட்டோடு உணவு வாங்க வந்த மந்தியார் முட்களைப் பார்த்து நின்றுவிட்டார். "இது அநியாயம்! எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்கள்!"

"உங்கள் பிள்ளைகள் மேயட்டும், காட்டில் கனி இருக்கிறது. ஆசிரியர்களின் பங்கைத்தான் மறிக்கிறோம். எங்கள் ஆசிரியர்கள் பசித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டாள் முள்ளம்மா.

மூன்றாம் நாள் அணில் மலையிலிருந்து இறங்கி வந்தது. தும்பையின் காலைப் பார்த்தது. "உணவு போன இடத்துக்குப் போனேன், தாயே. இதை நினைக்கவில்லை" என்று சொல்லி, வாசலில் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டது. சற்று நேரத்தில் மைனாவும் வந்தது.

அதைக் கண்ட பிறகுதான் கொம்பன் ஆணையிட்டார். குளக்கரைப் பள்ளியின் மூன்று ஆசிரியர்களுக்கும் முதலில் உணவு. இலை எங்கே போனாலும் அது குறையாது. பொதுக் களஞ்சியத்தில் உணவு வாங்கும் எந்தப் பள்ளியும் வாசலுக்கு வந்த குட்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது. தேர்வும் கிடையாது. யானைகள் பாறையை உடைத்துச் சரிவான பாதை போட வேண்டும்.

பாதை முடிந்த காலையில் தும்பைதான் முதலில் ஏறினாள். மூன்று காலால், நின்று நின்று. கூரன் அவளுக்குப் பின்னால் நடந்தான். மந்தியார் முகத்தைச் சுளித்தாலும் நகர்ந்து இடம்விட்டார்.

நயவன் அடிவாரத்தில் நின்று, "பார்த்தீர்களா! எல்லாம் நான் கொண்டுவந்த திட்டம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ச் சேர வழியும், வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் கடமையும் இல்லாத இடத்தில், 'விரும்பியதைத் தேர்ந்தெடு' என்பது வலியவர் எளியவருக்குச் சொல்லும் பொய்.