எழுத்தர் சங்கம் லேப்டாப் பிரித்த கதை

சாலையோரத்து மைல்கற்கள் வைத்த இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, இருக்கின்றன என்று எழுதி வைப்பதற்கு வேணாத்தூரில் ஒரு காலத்தில் ஓர் அலுவலகம் இருந்தது. கற்கள் நகரவில்லை. எழுத்தர்களும் நகரவில்லை. வயது முடிந்து அரசாங்கமே எழுப்பிவிட்டபோது அவர்கள் எழுந்து, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பிடித்து, அதே மாதிரி நாற்காலிகள் வாங்கிப் போட்டு, ‘மைல்கல் பிரிவு ஓய்வுபெற்ற எழுத்தர் சங்கம்’ என்று பலகை மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். அப்படி எழுந்து உட்கார்ந்த இடைவெளிதான் அவர்கள் வாழ்க்கையிலேயே பரபரப்பான காலம்.

இப்போது நால்வர் மிச்சம். தலைவர் தாண்டவமூர்த்தி, செயலாளர் வைரக்கண்ணு, பதிவேடு எழுதியே விரல் வளைந்த இருதயசாமி, தபால் அனுப்பும் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் இருந்த காஜாமொய்தீன். ஐந்தாமவர் ஒருவர் உண்டு. சங்கத்தை நிறுவிய அமிர்தகடேசன். அவர் ஒன்பது வருஷமாகச் சுவரில் இருக்கிறார். கழுத்தில் பிளாஸ்டிக் மாலை, காலடியில் ஒரு சிவப்புக் குட்டி பல்பு.

அன்று, அந்த வருஷம் வந்த புது உத்தரவுப்படி, ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடிருப்பதை இணையத்தில் முகம் காட்டி நிரூபிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் சான்று வராதவர் ஏட்டில் காலமானவர். மற்ற மூவரும் போன வாரமே சங்கத்து லேப்டாப்பில் உயிர் பெற்றுவிட்டார்கள். பதவி வரிசையில் கீழிருந்து மேலாகச் செய்ததால் தாண்டவமூர்த்திக்குக் கடைசி நாள் வாய்த்தது. அன்று காலை பார்த்து லேப்டாப்பின் பாட்டரி உப்பிப்போய், இரண்டு நிமிஷம் எரிவதும் அணைவதுமாக இருந்தது.

ஓய்வூதிய அலுவலகம் எங்கே என்று கேட்பீர்கள். எதிர்ச்சாரியில். நாற்பதடி. அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எழுத்தர் பூங்கோதை, இவர்கள் தவிப்பைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“சார்! ரோட்டைத் தாண்டி வந்து ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க. நானே முடிச்சுத் தரேன்!”

தாண்டவமூர்த்தி சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். “‘முதியோர் அலுவலகத்துக்கு அலையாமல் இருந்த இடத்திலிருந்தே’ன்னு போட்டிருக்கும்மா. நான் வந்தா அலைஞ்ச மாதிரி ஆயிடும்.”

“நாலு எட்டு சார்!”

“எத்தனை எட்டுக்கு மேல அலைச்சல்னு விளக்கம் வந்திருக்கா?”

வரவில்லை. பூங்கோதை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் கடை ஸ்டெல்லாவிடம் போனார்கள். (கடைக்கு அலையக் கூடாதென்று சுற்றறிக்கை ஏதும் இல்லை.) பாட்டரியும் மெமரியும் மாற்றினால் போதும் என்றாள் அவள். “வச்சுட்டுப் போங்க தாத்தா, பத்து நிமிஷ வேலை.” சங்கச் சொத்தை வெளியாள் திறக்கக் கூடாது என்று சட்டதிட்டம் பதினான்காவது பிரிவு சொல்கிறது என்றார் வைரக்கண்ணு. ஸ்டெல்லா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புது பாட்டரியையும் விரலளவு மெமரியையும் ஒரு திருப்புளியையும் கொடுத்து, செய்ய வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் ஐந்து வரியாக எழுதிக் கொடுத்தாள். நல்ல கையெழுத்து. தெளிவான தமிழ். அவள் மேல் குற்றம் இல்லை.

முதல் வரி: திறப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளவும்.

சங்கத்தில் கேமரா உள்ள பொருள் லேப்டாப் ஒன்றுதான். எனவே அது எரிந்த இரண்டு நிமிஷத்தில் அதைக் கொண்டே படம் பிடித்தார்கள். நால்வரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றதில் நால்வரும் அருமையாக விழுந்திருந்தார்கள். லேப்டாப் விழவில்லை. பிறகு அது அணைந்தது.

“படம் எங்கே?” என்றார் தலைவர்.

“உள்ளதான் இருக்கு. பிரிச்சா கிடைக்கும்,” என்றார் வைரக்கண்ணு.

இரண்டாம் வரி: வேலை செய்யும்போது இரும்பைத் தொட்டுக்கொள்ளவும், உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். அறையில் இருந்த இரும்பு, பீரோ. பீரோவை மேஜைக்குக் கொண்டுவர முக்கால் மணி நேரம் முயன்று, பிறகு மேஜையை பீரோவுக்குக் கொண்டுபோனார்கள். தலைவரின் இடக்கை பீரோவில், வலக்கை வேலையில். செயலாளரின் வலக்கை பீரோவில், இடக்கை வேலையில். இப்படி இரண்டு பேரைச் சேர்த்து ஒரு முழு மனிதரைத் தேற்றினார்கள்.

அந்த மனிதர் பதினொரு திருகாணிகளைக் கழற்றினார்.

மூன்றாம் வரி: திருகாணிகளைக் கலந்துவிடாமல் வரிசையாக வைக்கவும். தங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை ஒன்று வந்ததில் அறையே மலர்ந்துவிட்டது. இருதயசாமி பதிவேட்டைத் திறந்து, ‘திருகாணி, கறுப்பு, சிறியது, தலையில் லேசான தேய்மானம்’ என்று ஒவ்வொன்றையும் வர்ணித்து எண் கொடுத்தார். எண் பெற்ற திருகாணி தனித்தனி உறைக்குள் போயிற்று. உறைகள் காஜாமொய்தீனிடம் போயின. காஜாமொய்தீன் அவற்றை ஒட்டி, தபால் தலை ஒட்டி, தெருமுனைக்குப் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

“போட்டுட்டீங்களா?” என்றார் தாண்டவமூர்த்தி.

“ஒட்டின உறை மேஜையில் கிடக்கலாமா தலைவரே? என் சர்வீஸ்ல ஒண்ணு கிடந்திருக்கா?”

“யாருக்குப் போட்டீங்க?”

“நமக்குத்தான். வரிசையாத்தான் போட்டேன். வரிசையாத்தான் வரும்.”

“அப்போ கலக்காது,” என்றார் வைரக்கண்ணு. தாண்டவமூர்த்தியும் தலையாட்டினார். கலக்கக் கூடாது என்பதுதானே உத்தரவு; வீட்டில் இருக்க வேண்டும் என்பதல்லவே.

நான்காம் வரி: பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவும்.

பழைய பாட்டரி வெளியே வந்தது, தலையணை மாதிரி. “ஆறு வருஷ சர்வீஸ். உட்கார்ந்த வேலை, உடம்பு போட்டிருக்கு,” என்றார் இருதயசாமி வாஞ்சையோடு. இத்தனை வருஷம் உழைத்தவரைச் சும்மா எடுத்துவிடுவதா? தலைவர் சாப்பாட்டுக்குப் போகும் முன் ஒரு சிறிய பிரிவு உபசாரம் நடந்தது. பாட்டரிக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். மூன்று பேர் பேசினார்கள். ஏற்புரைக்கு ஐந்து நிமிஷம் காத்திருந்தார்கள்.

அடுத்து மெமரி. இதில் இருதயசாமிக்கு ஓர் ஐயம். “பழைய ஞாபகத்தை எடுத்துட்டா, இதுக்கு நம்மைத் தெரியுமா?”

எதற்கும் இருக்கட்டும் என்று புது மெமரித் துண்டை ஒரு தட்டில் வைத்து, ஒவ்வொருவராக அதன் முன் நின்று பெயர், பதவி, பணியில் சேர்ந்த தேதி சொன்னார்கள். கடைசியாக அதைச் சுவருக்குத் தூக்கிக்கொண்டுபோய் அமிர்தகடேசன் படத்துக்கு எதிரே காட்டினார் வைரக்கண்ணு. “இவரு நிறுவனர். நல்லாப் பார்த்துக்க.”

அப்புறம் சாப்பாடு. தாண்டவமூர்த்தி தன் நான்கடுக்குத் தூக்கைப் பிரித்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, பல் செட்டைக் கழற்றிக் கழுவித் தம்ளரில் போட்டார்.

மணி இரண்டரை. ஐந்தாம் வரி: கடைசியாகக் கழற்றியதை முதலில் மாட்டவும், பிறகு அதற்கு முன் கழற்றியது, இப்படியே முதல்வரை.

அன்று கழன்றதையெல்லாம் விடாமல் எழுதி வைத்திருந்த பதிவேட்டை இருதயசாமி புரட்டினார். “கடைசியா கழட்டினது, தலைவரோட பல் செட்டு.”

“எதுல மாட்டணும்னு எழுதலையே,” என்றார் காஜாமொய்தீன், திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தபடி.

நீண்ட யோசனைக்குப் பிறகு அது தலைவரின் வாயிலேயே மாட்டப்பட்டது. அந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் சரியாக எடுக்கப்பட்ட முடிவு அது ஒன்றுதான்.

அதற்கு முன் கழற்றியது தூக்கு. அதைத் தலைவர் கைப்பழக்கத்தில் ஏற்கனவே மாட்டி வைத்திருந்தார். மாட்டியதை எப்படி மாட்டுவது? கழற்றினார்கள். கழற்றியதும் அதுதான் கடைசியாகக் கழற்றியதாயிற்று, மாட்டினார்கள். அடுத்து பல் செட்டு என்று பதிவேடு சொல்லிற்று. அதை மாட்டுவதற்காகக் கழற்றினார்கள். மாட்டியதும் தூக்கின் முறை வந்தது. இப்படித் தூக்கும் பல்லும் மாறி மாறிக் கழன்று மாட்டியதில் மணி நாலாகிவிட்டது. பதிவேட்டில் பக்கம் தீர்ந்ததால்தான் நின்றார்கள்.

கடிகாரத்தைப் பார்த்தார் தாண்டவமூர்த்தி. இன்னும் ஒரு மணி நேரம்தான் உயிர். மெமரி உள்ளே போயிற்று. பாட்டரியும் உள்ளே போயிற்று. திருகாணிகள் தபாலில் இருந்தபடியால் அடிமூடியைக் கோப்பு கட்டும் நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். பொத்தானை அமுக்கினார்கள்.

எரிந்தது. நால்வரின் திறமை அல்ல. அந்த யந்திரத்தின் பெருந்தன்மை.

நாடா இழுத்துக் கட்டியதில் திரை சற்று மல்லாந்து நின்றது. தலைவர் அதன் முன் உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே, சுவரில், கேமராவுக்கு நேராக அமிர்தகடேசன். திரையில் எழுத்து வந்தது: முகத்தைக் காட்டவும். அசைய வேண்டாம்.

“சரி,” என்று தலையாட்டினார் தாண்டவமூர்த்தி.

அசைவு உள்ளது. மீண்டும் முயலவும்.

“ஆகட்டும்,” என்று தலையாட்டினார்.

முப்பத்தாறு வருஷம் மேலிடத்து உத்தரவு எதையும் தலையாட்டாமல் ஏற்றதில்லை அவர். ஏழு முறை யந்திரம் அசைய வேண்டாம் என்றது; ஏழு முறையும் அவர் மனமார ஒப்புக்கொண்டார். அவருக்கு மேலே இருந்தவரோ அத்தனை நேரமும் இம்மியும் அசையவில்லை. எட்டாவது தடவை யந்திரம் அலுத்துப்போய்ப் பச்சை விளக்குக் காட்டியது.

அமிர்தகடேசன். உயிருடன் இருப்பது உறுதி செய்யப்பட்டது. நன்றி.

அந்த நன்றியோடு நாடா அவிழ்ந்து, பாட்டரி நழுவித் தரையில் விழுந்தது. திரை இருண்டது. மணி நாலரை.

“அவர் பேர் இன்னுமா பட்டியல்ல இருக்கு?” என்றார் காஜாமொய்தீன்.

“ஓய்வூதியர் தன் நிலையில் ஏற்படும் மாற்றத்தைத் தானே எழுதித் தெரிவிக்க வேண்டும்னு விதி,” என்றார் வைரக்கண்ணு. “ஒன்பது வருஷமாக் காத்திருக்கோம். அவர் எழுதலை.”

“ஏன் எழுதலைன்னு இப்பத்தானே தெரியுது,” என்றார் இருதயசாமி பயபக்தியோடு. “அவர் நிலையில மாற்றமே இல்லை.”

எல்லோரும் நிறுவனரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு, மெல்ல, தலைவரைப் பார்த்தார்கள்.

“நான் இருக்கேனேய்யா,” என்றார் தாண்டவமூர்த்தி.

“அது எங்களுக்குத் தெரியும் தலைவரே. தாள் இருக்கா?” என்றார் வைரக்கண்ணு.

தாண்டவமூர்த்தி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பணியில் இருந்தபோது, வீட்டு வாசலில் கிடந்த மைல்கல்லையே தூக்கிக்கொண்டுவந்த ஒரு விவசாயியிடம், இது ஏட்டில் இல்லை, ஆகவே இது கல்லே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர் அவர். கல்லுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா? “அப்படின்னா முறைப்படி செய்யுங்க,” என்றார்.

முறைப்படி செய்தார்கள். உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை கூடாது; கழற்றினார்கள். கழற்றிய மாலையை வீணாக்குவானேன். தாண்டவமூர்த்தியின் கழுத்தில் போட்டார்கள். அமிர்தகடேசனைத் தலைவர் நாற்காலியில் வைத்தார்கள். தாண்டவமூர்த்தியை ஆணியில் மாட்ட முடியாததால், ஆணிக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பல்பை அவர் காலடிக்கு இறக்கினார்கள். வைரக்கண்ணு இரங்கல் தீர்மானத்தை வாசித்தார். மறைந்த தலைவரே அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தார்.

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பூங்கோதை மூச்சிரைக்க ஓடிவந்தாள். மனசு கேட்கவில்லை அவளுக்கு. கையில் ஒரு படிவம்.

“சார், நேர்ல பார்த்தேன்னு நானே எழுதிடறேன். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க… இது என்ன கோலம்?”

“மௌன அஞ்சலி நடக்குதும்மா, சத்தம் போடாதீங்க,” என்றார் வைரக்கண்ணு. “காலமானவர்கிட்ட கையெழுத்து வாங்கறது மோசடி. மூணு வருஷம் உள்ள போடுவான்.”

“கையெழுத்துகூட வேணாம். சார், ஆமான்னு ஒரே ஒரு தரம் தலையை ஆட்டுங்க, போதும்!”

தாண்டவமூர்த்தி முதுகை நிமிர்த்தி, சுவரோடு சுவராகச் சாய்ந்து, எதிரே வெறித்துப் பார்த்தார். முப்பத்தாறு வருஷமும் அன்று பகல் முழுவதும் நிற்காமல் ஆடிய அந்தத் தலை, இம்மியும் ஆடவில்லை.

மணி ஐந்தடித்தது. பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அஞ்சலி முடியச் சற்று நேரம் இருக்கும்போது, தாண்டவமூர்த்தி உதடு அசையாமல் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

“யோவ், பல்பு எரியலை பாரு.”