தள்ளிப் படுத்த கத்தரிக்கோல்

விலங்கும் பேசியது, விளக்குமாறும் பேசியது என்றிருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் தவசி என்றொரு நாவிதர் இருந்தார். புங்கமரத்து நிழலில் ஓலை வேய்ந்த சின்னக் கொட்டகை. உள்ளே ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்க் குடம், சாமான் வைக்க ஒரு தட்டைக் கல். கடை என்றால் இவ்வளவுதான். ஆனால் கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. காலையில் ஊர்க்காரர்கள் வருவார்கள். வெயில் ஏறியதும் காட்டிலிருந்து மற்றவர்கள் வருவார்கள். குரங்கு கிருதாவை ஒதுக்கிக்கொள்ளும். ஆடு தாடியைச் சரிசெய்துகொள்ளும். முள்ளம்பன்றி வருவது தெரிந்தால் மட்டும் தவசி படலைச் சாத்திவிடுவார். பின்னே, அவருக்கும் கை வேண்டாமா?

தவசியிடம் இருந்தது ஒரே ஒரு கத்தரிக்கோல். அதன் இரண்டு அலகுகளும் புருஷன் பெண்டாட்டி. புருஷன் பெயர் கூரான், பெண்டாட்டி பெயர் மின்னாயி. நடுவில் ஆணி அடித்து அவர்களைச் சேர்த்து வைத்ததே தவசிதான். அந்த முறையில் மின்னாயிக்கு அவர் அண்ணன், கூரானுக்கு மச்சான். யாராவது வாய்தவறி அவர்களை 'ஆயுதம்' என்று சொல்லிவிட்டால் தவசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "என் தங்கச்சியும் மாப்பிள்ளையும்னு சொல்லுய்யா" என்பார்.

தங்கச்சியும் மாப்பிள்ளையும் சண்டை போடாத நாள் கிடையாது.

"கொஞ்சம் மெதுவா வரக்கூடாதா? ஒரே இடி."

"நானா இடிச்சேன்? நீதானடி வந்து விழுந்தே."

வெட்டுக்கு ஒரு சண்டை. சண்டை எவ்வளவு மும்முரமோ அவ்வளவு நேர்த்தியாக முடி விழும். முடி வெட்ட வந்தவர்களுக்கு அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ஐப்பசி மாதம் வந்தது. தவசியின் அக்கா மகளுக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் வராவிட்டால் அக்கா ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தவசி சீர்த்தட்டு வாங்கி, மூட்டை கட்டி, கிளம்பி நின்றார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேருக்கும் பெரிய சண்டை மூண்டுவிட்டது. கடைசியாக வந்த ஆட்டின் தாடியில் ஒரு சிக்கு. அது யாரால் மாட்டியது என்பதுதான் வழக்கு.

"அண்ணே, நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ" என்றாள் மின்னாயி. "எந்நேரமும் இவர் மூஞ்சியிலேயே முழிச்சுக்கிட்டு இருக்க முடியல. நாலு நாள் தள்ளி இருந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்."

"மச்சான், அவ பேசினதுலேயே உருப்படியான பேச்சு இதுதான்" என்றான் கூரான். "எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்க."

தவசி பாசக்காரர். பாசக்காரர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் யோசிப்பார்கள். பாவம், வருஷம் பூராவும் உழைத்த உடம்பு, நன்றாகக் குளித்துக் கைகால் நீட்டிப் படுக்கட்டும் என்று அவர் நினைத்தார். இரண்டு பேரையும் குடத்துத் தண்ணீரில் குளுகுளுவென்று குளிப்பாட்டினார். ஈரத்தைத் துடைக்கவில்லை. ஆணி இடுக்கில் ஆட்டுத் தாடியின் முடி கொஞ்சம் சிக்கியிருந்ததையும் பார்க்கவில்லை. அப்படியே கல்லின் மேல் வைத்து, எவ்வளவு விரியுமோ அவ்வளவுக்கு விரித்துவிட்டார். கூரான் கிழக்கே, மின்னாயி மேற்கே.

"இப்ப சௌகரியமா? யாரும் யாரையும் இடிக்க வேண்டாம். நல்லா ஓய்வெடுங்க" என்று சொல்லிவிட்டு, படலைச் சாத்திக்கொண்டு அக்கா ஊருக்கு நடையைக் கட்டினார்.

முதலில் என்னவோ சுகமாகத்தான் இருந்தது. "அப்பாடா!" என்றான் கூரான். "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள் மின்னாயி. அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. எதிலும் உரசாமல் கிடந்தால் எதைப் பற்றிப் பேசுவது?

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா! கூரையில் இருந்த ஓட்டை வழியாகக் கல்லின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"ஏங்க, குளிருதுங்க."

"எனக்கும்தான்."

"அப்போ கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றது."

கூரான் வரப் பார்த்தான். முடியவில்லை. மின்னாயி போகப் பார்த்தாள். அவளாலும் முடியவில்லை. கத்தரிக்கோலைச் சேர்த்து மூட ஒரு கை வேண்டும் என்பது அதுவரை அவர்களுக்கே தெரியாது. தினமும் தவசியின் விரல்கள் இருந்தன, அதனால் தாங்களாகவே ஒன்றுசேர்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மழை விடவில்லை. ஆணி இடுக்கில் இருந்த ஆட்டுமுடி நீரைக் குடித்து உப்பி, ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மின்னாயியின் பளபளப்பான உடம்பில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு அம்மை போட்டதுபோல உடம்பெல்லாம் துரு. எதிர்ப்பக்கம் கூரானுக்கும் அதே கதி. இங்கிருந்து அவள் கூப்பிட, அங்கிருந்து அவன் கூப்பிட, கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது.

"ஏங்க, என்னைத் திட்டவாவது திட்டுங்களேன்" என்றாள் மின்னாயி. "பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்."

கூரானுக்குத் திட்ட வரவில்லை. அழுகைதான் வந்தது.

தவசி விருந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, அக்கா கொடுத்த புதுவேட்டியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது, வாசலில் ஒரு கரடி காத்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் இந்த மழையில நிக்கிறேன். நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறேன். உடம்பு பூரா ஒட்ட வெட்டி ஆளை அழகாக்கி விடுங்க. முதல்ல நெஞ்சு. பொண்ணு வீட்டுக்காரங்க கண்ணு அங்கேதான் போகும்."

"அதுக்கென்ன தம்பி, உட்காரு" என்று தவசி கொட்டகைக்குள் கையை நீட்டி, பார்க்காமலே கத்தரிக்கோலை எடுத்தார். விரல் கொடுத்தால் அசையவில்லை. ஈரத்தில் கொஞ்சம் இறுகியிருக்கும் என்று நினைத்து, அப்படியே கரடியின் நெஞ்சில் வைத்து, இரண்டு கையாலும் ஓர் அழுத்து அழுத்தினார்.

வெட்டு விழவில்லை. கூரானும் மின்னாயியும் "ஐயோ" என்று அலறினார்கள். அவர்களைவிடப் பெரிதாகக் கரடி அலறியது. நெஞ்சில் இருந்த முடி துருவில் மாட்டி இரண்டு பட்டையாக, விரித்த கத்தரிக்கோல் எப்படி இருக்குமோ அப்படியே, வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"ஏன்யா, முடி வெட்ட வந்தேனா, உசுரை விட வந்தேனா?" என்று கரடி துள்ளிக் குதித்தது. "இதுங்க இனிமே சேராது. ஆணியை உடைச்சு, ஆளுக்கொரு கத்தியா ஆக்கிடு. தனித்தனியா இருந்து பொழைச்சுக்கட்டும்!"

அப்போதுதான் தவசி கையில் இருந்ததைப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு பதறிவிட்டது. எப்படிப் பளபளவென்று விட்டுவிட்டுப் போன பிள்ளைகள், இப்படிக் கறுத்துச் சிவந்து கிடக்கிறார்களே! ஆனால் கரடி சொன்னதும் மனதுக்குள் ஓடியது. தள்ளி இருக்க வேண்டும் என்று அவர்களே வாய்விட்டுக் கேட்டார்களே! உண்மையிலேயே பிடிக்கவில்லையோ என்னவோ. ஒரு கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு, ஆணியின் மேல் விரலை வைத்தார்.

"என்னம்மா, பிரிச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

மின்னாயிக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது. அதை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோபத்துல ஆயிரம் கேப்பேன். கேட்டதை எல்லாம் கொடுத்துடுவியா அண்ணே?"

தவசி சுத்தியலைத் தூர வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். அக்கா வீட்டில் காது குத்திய மறுநாள், குழந்தையின் காதில் புண் பக்குக்கட்டித் தோடு ஒட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பிடித்து இழுக்கப் போனவரை அக்கா தடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊற விட்டு, மெல்ல மெல்லத் திருப்பினாள். குழந்தை சிணுங்கக்கூட இல்லை.

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். ஒரு ஈர்க்கினால் ஆணி இடுக்கில் இருந்த முடியை இழை இழையாகப் பிடுங்கினார். சலித்த சாம்பலைத் தொட்டுத் துருவைத் தேய்த்தார். ஆணியின் தலையில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் காத்திருந்தார். பிறகு கொஞ்சம் திறந்தார், கொஞ்சம் மூடினார். இன்னும் கொஞ்சம் திறந்தார், இன்னும் கொஞ்சம் மூடினார். கரடிகூட வலியை மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

கடைசியில் கூரான் மெல்ல நகர்ந்து வந்து மின்னாயியின் மேல் சாய்ந்தான். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

"அண்ணே" என்றாள் மின்னாயி, இருந்த கொஞ்சக் குரலில். "வேலை நேரத்துல நாங்க அடிச்சுக்குவோம். அதை நீ கண்டுக்காதே. நீ ஊருக்குப் போனா மட்டும் எங்களை ஒண்ணாப் படுக்க வெச்சுட்டுப் போ."

அதோடு அவள் குரல் போய்விட்டது. கூரானுக்கு அந்த அலறலோடேயே போயிருந்தது. தவசி தோளில் கிடந்த புதுவேட்டியில் ஒரு முழம் டர்ரென்று கிழித்து, இரண்டு பேரையும் மூடியபடியே அதில் சுற்றி, சொட்டு விழாத இடத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தார். வேட்டி கிழிந்ததற்கு அக்காவிடம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கரடி அதற்கப்புறம் கத்தரிக்கோல் இருக்கும் திசைக்கே வரவில்லை. அதனால்தான் அது இன்றைக்கும் சடையும் முடியுமாகத் திரிகிறது. நெஞ்சில் பிடுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளை முடியாக முளைத்தது, அதை இப்போதும் பார்க்கலாம். கத்தரிக்கோலுக்குப் பேச்சு திரும்பவே இல்லை. இரண்டு அலகும் ஒன்றையொன்று தொடும்போது மட்டும் 'சிக் சிக்' என்று ஏதோ சொல்லிக்கொள்கின்றன. வீட்டில் யாராவது கத்தரிக்கோலை விரித்துப் போட்டுவிட்டுப் போனால், சண்டை வரும், மூடி வை என்று அதட்டுகிறோமே, அதுவும் அங்கே தொடங்கியதுதான்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்றால், திங்கட்கிழமை சாயங்காலமே முடி திருத்துபவர்கள் கத்தரிக்கோலை ஈரமில்லாமல் துடைத்து, இடுக்கில் இருக்கும் முடியை எடுத்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெல்லத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, மூடியபடியே துணியில் சுற்றி வைப்பதெல்லாம் தவசி காலத்திலிருந்துதான். அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும், தள்ளிப் படுக்க மட்டும் யாரும் விடுவதில்லை.