ஓணானின் விடியற்காலைத் தண்டால்

வாயுள்ள சீவன் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓணான் ஒரு ராத்திரிப் பிராணி. கோட்டான் மாதிரி விடிய விடிய முழித்திருக்கும். கிழக்கு வெளுத்தால் போதும், அடித்துப் போட்டதுபோலத் தூங்கும். வெயிலைக் கண்டால் வேலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறதே, அதே ஓணான்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

செம்மணல் மேடான தேரியை ஒட்டி ஒரு தோட்டம் இருந்தது. சுற்றிலும் பனைமட்டை வேலி, நடுவில் கிணறு, கிணற்றடியில் ஒரு மண்குடிசை. வேலியில் முள்ளாண்டி என்ற ஓணானும் அவன் பெண்டாட்டி மாடத்தியும் குடியிருந்தார்கள். குடிசைச் சுவரில் முள்ளாண்டியின் தம்பி இருந்தான். அவன் பல்லி, பெயர் சுவரொட்டி. அண்ணன் தம்பி என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். குடிசையில் விளக்கேற்றியதும் இருவரும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பூச்சி பிடிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள்.

முள்ளாண்டிக்கு ஒரு குணம். எதைக் கண்டாலும் கேள்வி. பூச்சி ஏன் சுட்டாலும் விளக்கையே சுற்றுகிறது? கிணற்றுக்குள் கிடக்கும் நிலாவை யார் அங்கே போட்டது? சுவரொட்டிக்குப் பொறுக்காது. "பூச்சி வந்தா தின்னுட்டுப் போயேண்ணே. அதுகிட்ட விசாரணை வேறயா?" என்பான்.

அப்படிப்பட்டவனுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்று வந்து சேர்ந்தது. வாய்க்கால் தண்ணீர் கசியும் இடத்தில், வேலிக்கு அடியில், மண் எப்போதும் ஈரமாகவும் பொலபொலவென்றும் இருக்கும். தோட்டத்திலேயே முட்டை புதைக்கத் தோதான இடம் அது ஒன்றுதான். மாடத்தி அங்கே முட்டையிட்டு மூடினாள். ஒருநாள் சாயங்காலம் கண்விழித்துப் பார்த்தால் மண் கிளறிக் கிடந்தது, ஓடுகள் மட்டும் மிச்சம். மறுபடியும் இட்டாள். மறுபடியும் அதே கதி. தூங்கும் நேரத்தில் வந்து தின்பது யார்? முதல் தடவை மாடத்தி வேலியே அதிர அழுதாள். இரண்டாம் தடவை அழவே இல்லை. முள்ளாண்டிக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாவது தடவை முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடி, தலையால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, இதுவும் போச்சுன்னா இனிமே நான் முட்டையிட மாட்டேன். இந்த வேலியிலயும் இருக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மாடத்தி சொன்னால் செய்கிறவள். முள்ளாண்டி அன்று பொழுது சாயும்போதே தோட்டத்துப் பனைமரத்தடிக்குப் போனான். அந்த மரத்துப் பொந்தில்தான் அணில் பேச்சி இருந்தாள். இவன் எழுந்திருக்கும் நேரம் அவள் படுக்கப் போகும் நேரம்.

"பேச்சி, நாங்க தூங்கும்போது இந்த வேலிப் பக்கம் யாரு வாரா?"

"செம்போத்து வரும் அண்ணாச்சி. விடிஞ்சும் விடியாம வரும். மண்ணைக் கிளறும், எதையாவது திங்கும், வெயில் ஏறுமுன்ன போயிரும்."

எதையாவது என்று அவள் சாதாரணமாகச் சொன்னது முள்ளாண்டிக்குச் சுருக்கென்றது. "நீ கொஞ்சம் பாத்துக்கிட மாட்டியா?"

"நல்லா சொன்னீங்க! எனக்கும் பொந்துக்குள்ள குட்டிக கெடக்கு. அது கூவுற சத்தம் கேட்டா நான் தலைய வெளிய நீட்ட மாட்டேன். அது கண்ணு ரெண்டும் செவேல்னு இருக்கும், பாத்தாலே குலை நடுங்கும்."

"செவேல்னா?"

"செவப்பு அண்ணாச்சி, செவப்பு. கோவைப்பழம் மாதிரி."

"கோவைப்பழம் கருப்பால்லா இருக்கும்?"

"யாரு சொன்னா? சரி, மொளகாப் பழம்?"

"அதுவும் கருப்புதான்."

"செம்பருத்திப் பூவு?"

"நேத்துதான் பாத்தேன். கருப்பு."

பேச்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். ராத்திரியில் மட்டுமே உலகத்தைப் பார்த்தவனுக்கு வேறென்ன தெரியும்? "விடியக்காலம் எந்திரிச்சு வந்து பாருங்க. சொன்னா புரியாது," என்றாள்.

விடியக்காலம் எழுந்திருக்கிறவர்களுக்கு ஒரு சீக்கு உண்டு. யாராவது பேச்சைக் கொடுத்துவிட்டால் போதும், நிறுத்தமாட்டார்கள். பேச்சியும் நிறுத்தவில்லை. விடியக்காலத்துக் காற்றே தனி என்றாள். மரத்தில் நாலு ஓட்டம் ஏறி இறங்கினால் உடம்பு பஞ்சாகிவிடும் என்றாள். பகல் முழுக்கச் சோம்பலே வராது என்றாள். முள்ளாண்டிக்குக் கேட்கக் கேட்கக் கொட்டாவி வந்தது. ஆனால் சிவப்பு என்றால் என்ன என்ற கேள்வி மட்டும் மனசுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அன்றைக்கு விளக்கேற்றும் நேரத்திலேயே படுத்துவிட்டான். சுவரொட்டி எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, எல்லாரும் வேட்டைக்குக் கெளம்புறாங்க, நீ படுத்திருக்க? காய்ச்சலா?"

"விடியக்காலம் எந்திரிக்கணும்டா. முட்டையக் காக்கணும். அப்புறம், செவப்புன்னா என்னன்னு பாக்கணும்."

"நம்ம சாதிசனத்துல எவனாவது விடியலைப் பாத்திருக்கானா?" என்று சொல்லி, சுவரொட்டி நாக்கைத் தட்டி ச்ச்ச் என்றான்.

படுத்தானே தவிர, கண் மூடவே இல்லை. புரண்டு புரண்டு படுத்தான். உடம்பு முழித்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் சேவல் கூவியது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, ஆள் அசந்துவிட்டான்.

சாயங்காலம் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தால், முட்டைக்குக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒரு குழி. செம்போத்து வந்திருக்கிறது, இடம்தான் தப்பியிருக்கிறது.

மறுநாள் வேறு வழி பார்த்தான். ராத்திரி எப்போதும்போல முழித்திருந்து, சேவல் கூவுமுன்னே பனைமரத்துக்குப் போய், பேச்சியோடு ஓட்டம் ஓடலாம் என்று ஏறினான். பேச்சி சரசரவென்று மேலே போய்விட்டாள். முள்ளாண்டியின் கைகால் விடியற்காலைக் குளிரில் மரத்துப்போயிருந்தது. பாதி மரத்தில் பிடி நழுவிப் பொத்தென்று கற்றாழைக்குள் விழுந்தான். விழுந்த இடமே சுகமாக இருந்ததால் அங்கேயே தூங்கிவிட்டான்.

அன்றைக்கு இருந்த குழி, முட்டையின் மேல்மண்ணையே தொட்டிருந்தது. மாடத்தி பார்த்தாள். கிளறிய மண்ணைத் தள்ளி மறுபடி மூடினாள். முள்ளாண்டிக்கு அழுகை வந்தது.

"எனக்கு உடம்பு வளைய மாட்டேங்குது மாடத்தி. தூக்கத்தை ஜெயிக்க முடியல," என்றான்.

"படுத்துக்கிட்டு ஜெயிக்க முடியாதுங்க," என்றாள் அவள்.

அதுவும் சரிதான் என்று தோன்றியது. அடுத்த விடியலுக்கு முன்னால், முட்டைக்கு நேர் மேலே இருந்த வேலிக்கம்பின் உச்சியில் போய் உட்கார்ந்தான். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கிக்கொண்டான். தூங்கி விழுந்தால் முட்டையிருக்கும் இடத்தில்தான் விழ வேண்டும், அந்தப் பயத்திலாவது முழித்திருப்போம் என்று கணக்குப் போட்டான்.

சேவல் கூவியது. வழக்கம்போலத் தூக்கம் வந்து அழுத்தியது. முன்னங்கால் தளர்ந்து, நெஞ்சு தாழ்ந்து, தாடை கம்பில் டொக்கென்று இடித்தது. விருட்டென்று நிமிர்ந்தான். மறுபடி தளர்ந்தான், மறுபடி டொக், மறுபடி நிமிர்ந்தான். மேலும் கீழும், மேலும் கீழும். போகப் போக ஒரு புதுமை நடந்தது. மரத்துப்போன கைகாலில் சூடு ஏறியது. இது என்னடா இது, தூங்கி விழுந்தால் உடம்புக்கு நல்லதா என்று அரைத் தூக்கத்திலும் அவனுக்கு ஒரு கேள்வி எழுந்தது.

அப்போதுதான் கிழக்கே பார்த்தான். வானத்தின் ஓரத்தில் அவன் இதுவரை கண்டிராத ஒன்று கசிந்து பரவிக்கொண்டிருந்தது. கருப்பு இல்லை. விளக்கின் மஞ்சளும் இல்லை. தேரி மண்ணில் அது விழுந்தது, வேலியில் படர்ந்த கோவைக்கொடியின் பழத்தில் விழுந்தது. பழம் பழமாக அவன் கண்ணெதிரே நிறம் மாறியது. "இதுதான் செவப்பா!" என்று வாயைப் பிளந்தான். பிளந்த வாய் பெரிய கொட்டாவியாக முடிந்தது. அந்த நேரம் பார்த்து முதல் வெளிச்சம் நேராக அவன் வாய்க்குள் புகுந்தது. கொட்டாவி முடிந்து வாயை மூடியபோது சிவப்பு தொண்டையிலேயே தங்கிவிட்டது.

பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்ட நிம்மதியில் கண் மறுபடி சொருகியது. கூப், கூப், கூப் என்று புதருக்குள்ளிருந்து ஒரு சத்தம். செம்போத்து நிதானமாக நடந்து வந்தது. மண்ணில் காலை வைத்தது, அண்ணாந்து பார்த்தது. கம்பின் உச்சியில், முதுகெல்லாம் முள்ளும் கழுத்தெல்லாம் சிவப்புமாக, என்னவோ ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"யாருல அது? இந்த முட்டையெல்லாம் உன்னோடதா?" என்று கேட்டது.

தூக்கத்தில் முள்ளாண்டியின் தலை கீழே போய் மேலே வந்தது. ஆமாம் என்று செம்போத்து எடுத்துக்கொண்டது.

"நான் எடுத்தா அடிப்பியோ?"

தலை ஆடியது.

"ஒத்தையிலயா?"

அதற்கும் ஆடியது.

"இதுக்கு முன்னால யாரையாவது அடிச்சிருக்கியா?"

தாடை கம்பில் இடித்த வேகத்தில் முள்ளாண்டி இந்தத் தடவை படபடவென்று தலையை ஆட்டினான். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் இத்தனைக்கும் ஆமாம் போடுகிறவனிடம் என்ன வம்பு என்று செம்போத்து வந்த வழியே திரும்பிவிட்டது.

பொந்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பேச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மட்டைக்கு மட்டை தாவி, "எங்க அண்ணாச்சி தூங்கிக்கிட்டே செம்போத்தை வெரட்டிட்டாரு!" என்று கீச்சுக் கீச்சென்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தாள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அது செம்போத்தின் காதிலும் விழுந்தது.

மறுநாள் விடியலில் அது கூவாமல் வந்தது. நேராகக் கம்படிக்கு வந்து நின்று, சிவந்த கண்ணை உருட்டியது. "நேத்து தூங்கிக்கிட்டுத்தான் தலைய ஆட்டினியாமே?"

முள்ளாண்டி அன்றைக்குத் தூங்கவில்லை. பயத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இவ்வளவு பெரிய அலகை அவன் இதற்குமுன் பார்த்ததில்லை. வேலிக்குள் நழுவி ஓடிவிட ஒரு நொடி போதும். ஆனால் கம்படியில் முட்டைகள் கிடந்தன, மட்டை இடுக்கிலிருந்து மாடத்தியும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. நடுக்கம் தெரியாமல் இருக்க அவற்றைக் கம்பில் அழுத்தி ஊன்றி, நெஞ்சைத் தூக்கினான். இறக்கினான். தூக்கினான். உடம்பில் சூடு ஏறியது, தொண்டைச் சிவப்பு புடைத்துக்கொண்டு நின்றது.

"ஆமா. நேத்து தூங்கிக்கிட்டே உன்னை வெரட்டினேன். இன்னைக்கு முழிச்சிருக்கேன். வந்து பாரு," என்றான்.

செம்போத்து யோசித்தது. தூக்கத்திலேயே அப்படி என்றால் முழித்திருக்கும்போது எப்படியோ! ஓர் அடி பின்னால் வைத்தது, இன்னோர் அடி வைத்தது, புதருக்குள் நுழைந்துகொண்டது. இன்றைக்கும் அது வேலியோரம் நடக்கும்போது ஒளிந்து ஒளிந்துதான் நடக்கிறது.

அதற்குப் பிறகு முள்ளாண்டி ஒரு விடியலையும் தவறவிடவில்லை. உடம்பு பழகிவிட்டது என்று பேச்சி எல்லோரிடமும் பெருமையடித்தாள். உண்மையில் அவனுக்கு ஒருநாளும் பிடிக்கவில்லை. கம்பில் ஏறும்போதெல்லாம் முனகிக்கொண்டேதான் ஏறினான். ஏறியபின் கிழக்கே பார்ப்பான். இன்றைக்கு எந்த மாதிரிச் சிவப்பு என்று பார்க்கும்வரை இறங்க மனசு வராது. ஒருநாள் காலையில் கம்படி மண் மெல்ல நெளிந்தது. விரல் நுனியளவு தலை ஒன்று வெளியே வந்தது. அடுத்து இன்னொன்று. மாடத்தி ஓடிவந்து பார்த்தாள். ஓடுகளைக் கண்டு வேலி அதிர அழுதவள், அன்றைக்கும் அழுதாள்.

அன்று சாயங்காலம் குடிசையில் விளக்கேற்றியபோது முள்ளாண்டி கம்பைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சுவரில் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. சுவரொட்டி கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துவிட்டு ச்ச்ச் என்றான். பல்லி இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த விடியலில் தொடங்கியதுதான், ஓணான் காலை வெயில் பட்டதும் வேலியில் ஏறித் தொண்டை சிவக்கத் தண்டால் எடுப்பது. அதைக் கண்டு கல்லை எடுக்கிற பிள்ளைகள் ஒரு நொடி அதன் காலடி மண்ணைப் பார்த்தால் நல்லது: அங்கே முட்டைக்குள் கிடக்கும் தன் பிள்ளைகளாவது விடிந்தபிறகும் தூங்கட்டும் என்றுதான் அது எழுந்து வந்திருக்கிறது.