அரசர் கேட்ட சுத்தியல்

வெகு காலத்துக்கு முன்னே, ஒரு பெரிய மலையின் வயிற்றுக்குள் குள்ளர்களின் நாடு ஒன்று இருந்தது. அதை வச்சிரமுட்டி என்ற அரசர் ஆண்டுவந்தார். பேர்தான் வச்சிரமுட்டி, கை வெண்ணெய்.

அந்தக் குள்ளர்களின் தெய்வம் உலையம்மை. மலையின் அடிவேரில், மறுவுலக வாசலில் உட்கார்ந்திருப்பாள். செத்து வருகிறவனிடம் பேர் கேட்கமாட்டாள், குலம் கேட்கமாட்டாள். அவன் சுத்தியலை வாங்கி, கை தேய்ந்து பிடியில் விழுந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். பள்ளமோ சுத்தியலோ இல்லாதவன் சுரங்கத்துக் காற்றாய் அலைய வேண்டியதுதான்.

அரசருடைய தங்கச் சுத்தியலோ செய்த அன்றைக்கு இருந்த வழவழப்பிலேயே இருந்தது. அந்தக் கவலையில் ஒருநாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இதற்கா கவலை, மன்னா?" என்றார் அரசவைப் பிரபு குழைவாணர். "கொல்லன் உளியாண்டி நேற்றுச் செத்தான். அவன் சுத்தியல் பிடியில் விரலே புதையும் பள்ளம். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மை முகத்தையா பார்க்கிறாள்?" உளியாண்டியை ஊரே புகழ்ந்தது அவருக்கு என்றைக்குமே ஆகாது.

காவலர்கள் போய்ப் பிணத்தின் கையிலிருந்தே பிடுங்கி வந்தார்கள். பின்னாலேயே ஓடிவந்தாள் உளியாண்டியின் மகள் செம்பாயி. சந்தையில் கரி விற்று முன்னுக்கு வந்தவள். மூக்குக்கு மேலே கோபம். அப்பா காற்றாய் அலைவாரே என்று வயிறு எரிந்தது. கத்தத்தான் வாயைத் திறந்தாள். கத்தினால் பேரம் படியாது என்று சந்தையில் பட்டுத் தெரிந்தவள், அடக்கிக்கொண்டாள்.

"எடுத்துக்கோங்க, ராசா. ஆனா வாங்கறதை முழுசா வாங்கணும். இந்தப் பிடியோட போனா அம்மைக்கு நீங்கதான் உளியாண்டி. 'அங்கேயும் எனக்குப் பெரிய உலைதான் வேணும், தாயே'ன்னு எங்கப்பா வேண்டிக்கிட்டவர். இனி அந்த உலைமுன்னே நீங்க நிக்கணும். எங்கம்மா வேற முன்னமே போய்க் காத்திருக்கா. வாய் எனக்கும் மேலே."

அரசருக்கு வியர்த்தது. "மறுவுலகத்து அரசர் மண்டபத்தில் என் பாட்டனார் எல்லாம் காத்திருப்பார்களே?"

"வச்சிரமுட்டி இன்னும் வரலையேன்னு காத்துக்கிட்டே இருப்பாங்க."

"மன்னா, தங்கப் பிடியிலேயே அரம் வைத்துப் பள்ளம் போட்டுத் தருகிறேன்!" என்று குதித்தார் குழைவாணர்.

"தாராளமாப் போடுங்க, ஐயா. தேய்ச்ச கை உங்க கை. அம்மை உங்க பேரைச் சொல்லித்தான் கதவைத் திறப்பா. நீங்க உள்ளே, ராசா வெளியே."

அரசர் மெல்லத் திரும்பினார். "ஓகோ! அதற்குத்தானா இவ்வளவு கரிசனம்?"

"ஐயையோ, இல்லை மன்னா!"

"நீர் சும்மா இரும். பெண்ணே, எனக்கு என்னதான் வழி?"

"நீங்கதான் உசுரோட இருக்கீங்களே, ராசா! ஒரு மரப்பிடிச் சுத்தியல் எடுங்க. தினம் நூறு அடி அடிங்க. பள்ளம் தானா விழும்."

"நூறா! பத்து."

"பத்துக்குக் கொப்புளம்கூட வராது. எண்பது."

"இருபது. நான் அரசன்."

"அது அம்மைக்குத் தெரியாதே? ஐம்பது. அதுக்குக் கீழே ஒண்ணு குறைக்கமாட்டேன்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐம்பது! துருத்தி ஊதுவது குழைவாணர். வேற்று நாட்டாரோடு பேரம் பேச இனி நீதான் என் அமைச்சர்."

அன்றைக்கே அரசர் தாமே போய், சுத்தியலை உளியாண்டியின் கையில் திரும்ப வைத்தார். கல்லறை மூடும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை உலைக்களத்தில் ஊரே கூடிவிட்டது. குழைவாணர் முகமெல்லாம் கரி. அரசர் உள்ளங்கையில் கொப்புளம். ஐம்பது முடிந்ததும் செம்பாயி போதும் என்றாள்.

அரசர் இன்னும் ஓர் அடி ஓங்கிப் போட்டார்.

"இது கொசுறு" என்றார்.