சத்தத்தைத் தின்கிற ரெசிஸ்டர்

ஜெனோவா டீச்சரிடம் ஆம்ப்ளிஃபயர் செய்யக் கற்றுக்கொண்ட சீடர் ஒரே ஒருவர்தான். பெயர் கஸ்பார். டீச்சரைவிட மூத்தவர், தலை நரைத்தவர். பிடிவாதத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அன்று மத்தியானம் கடல் திடீரென்று கறுத்தது. புயல் வருகிறது, யாரும் போகாதீர்கள் என்று படகுத்துறை மைக்கில் சொல்ல வேண்டியது கஸ்பாரின் வேலை. ஆனால் அவர் தம்பி சிலுவையின் வள்ளம் ஏற்கெனவே அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிற மகராசன் அவன்.

கஸ்பார் மைக்கில் கத்தினார். குழாய் ஸ்பீக்கரில் வந்தது பேச்சே இல்லை, ஒரே கரகரப்பு. அண்ணன் வழியனுப்புகிறார் என்று நினைத்து வள்ளத்தில் இருந்தவர்கள் கையாட்டினார்கள்.

விஷயம் தெரிந்து டீச்சர் ஓடி வந்தார். சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார், கரகரப்பு போகவில்லை. கரண்டை நிறுத்தி ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மூடியைத் திறந்தார். வெளியே போகிற ஒலியில் கொஞ்சத்தை எடுத்து, தலைகீழாக உள்ளே திருப்பி அனுப்புகிற ரெசிஸ்டர் ஒன்று அதில் உண்டு. அதன் இடம் காலியாக இருந்தது.

"எங்கே?"

கஸ்பார் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போன வாரம் அவரே கழற்றியதுதான். சத்தத்தைத் தின்கிற சனியன் இது, எடுத்ததும் பெட்டி எப்படி அலறுகிறது பார் என்று ஊரில் எல்லாருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். என்ன பெருமையோ, போங்கள்.

டீச்சர் சால்டரிங் அயர்னைப் போட்டார். அது சூடாவதற்குள் கஸ்பாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வள்ளம் அலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரிந்தது.

ஒருவழியாக ஈயம் உருகி ரெசிஸ்டரை அதன் இடத்தில் பிடித்தது. கஸ்பார் மைக்கில் பேசினார். சத்தம் பாதியாக இறங்கியிருந்தது.

"என்ன டீச்சர், கெடுத்துட்டீங்களே. இருந்த சத்தமும் போச்சு."

"கத்தாதீங்க அண்ணாச்சி. பேசுங்க."

அவர் பேசினார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்கூடக் கரகரப்பில்லாமல் தெளிவாகக் கடல்மேல் போனது.

"சிலுவை, புயல் வருது. திரும்பி வாடே."

வள்ளம் தயங்கி நின்றது. பிறகு மெல்லக் கரைப்பக்கம் திரும்பியது.

கஸ்பார் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்ததும் சும்மா இருப்பாரா மனுஷன்? கேட்டேவிட்டார்.

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா நம்ம பெட்டிக்குள்ளேயே நம்மளை எதிர்க்கிற ஒண்ணை எதுக்கு வைக்கணும்?"

டீச்சர் மூடியின் கடைசித் திருகாணியை முடுக்கினார்.

"பெட்டி தப்பாப் பேசினா, பெட்டிகிட்ட வேற யாரு சொல்லுவா அண்ணாச்சி?"