பதினாறு பக்கம்

"தோட்டக்காரனாகணும்னா முதல்ல பணக்காரனாகணும் போலிருக்கே தாயி" என்றார் இசக்கியப்பன்.

கோர்ட்டுச் சுவரை ஒட்டித் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்கிறவள் சந்தனமாரி. முப்பதைத் தாண்டின வயசு. அவளிடம்தான் சொன்னார்.

அவள் நிமிரவில்லை. கிழிந்த அட்டை ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி?"

"தோட்டக்கலைப் புத்தகம் புதுசு ஆயிரத்து இருநூறுங்கான் கடைக்காரன். உன்கிட்டக் கிடக்கிற பழசுக்கு நீ அறுநூறுங்க. என் கூலி நாளைக்கு நானூறு."

ரோஜாப் படம் போட்ட தடிப் புத்தகம் அது. இசக்கியப்பன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். ஒன்றரைக் கிலோ தேறும்.

இருபத்திரண்டு வருசம் மினிபஸ் ஓட்டினவர். முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டார். ஐம்பது நெருங்குகிற வயசில் மண்வெட்டியைப் பிடித்தாயிற்று. ஒரு டாக்டரம்மா வீட்டில் தோட்ட வேலை. அந்த அம்மா கறாரானவள். முதல் நாளே சொல்லிவிட்டாள்: 'அந்த எலுமிச்சையைப் பாத்தீங்களா? பூக்குது, காயெல்லாம் உதிர்ந்து போகுது. பங்குனி முடியறதுக்குள்ள காய் நின்னா நீங்களும் நில்லுங்க. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கிடுதேன்.'

தெரிந்ததெல்லாம் கிளட்சும் பிரேக்கும். யாரிடம் போய்க் கேட்க? அதனால்தான் புத்தகம் தேடி வந்தார்.

"முன்னூறுக்குக் குடு தாயி."

சந்தனமாரி இப்போது நிமிர்ந்தாள்.

"உங்க தோட்டத்துல என்னென்ன நிக்கி?"

"செடி நிக்கி. மரம் நிக்கி."

"பேரு?"

இசக்கியப்பன் எலுமிச்சை என்றார். தென்னை என்றார். அப்புறம் பிடரியைச் சொறிந்தார்.

"போயி எண்ணிட்டு வாங்க."

"புத்தகம்?"

"அது எங்க ஓடிப் போகுது?"

வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். அவர் சம்சாரம் பிச்சம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"புத்தகம் எங்க?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டா."

"அவ கடை போட்டிருக்காளா, கோர்ட்டுக்குள்ள உக்காந்திருக்காளா? வாய்தால்லா குடுத்து அனுப்புதா!"

மறுநாள் சாயந்தரம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்து நின்றார்.

"பதினோரு வகை தாயி. தென்னை ரெண்டு, வாழை ஒரு கட்டை, செம்பருத்தி, மல்லி..."

"இருக்கட்டும். இதுல எதுக்குச் சீக்கு?"

"எலுமிச்சைக்கு."

"என்ன சீக்கு?"

"காய் நிக்கல."

"பூவுல உதிருதா, பிஞ்சுல உதிருதா? தினமும் உதிருதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? மரம் முழுக்கவா, ஒரு பக்கமா?"

இசக்கியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதெல்லாம் தெரிஞ்சா நான் எதுக்கு உன்கிட்ட வாறேன்?"

"இது தெரியாம எதை வாங்க வாறிய?"

அவள் அடுத்த ஆளுக்குக் கணக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.

விடுவிடுவென்று தெரு முக்கு வரைக்கும் நடந்தார். இனிமேல் இவள் முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஒரு நினைப்பு. பஸ்ஸில் ரிப்பேர் என்று மெக்கானிக்கிடம் போனால் அவன் என்ன கேட்பான் என்று ஒரு நினைப்பு. சத்தம் முன்னாலயா, பின்னாலயா? ஏத்தத்துலயா, இறக்கத்துலயா? அதைச் சொல்லத் தெரியாத டிரைவரை அவரே எத்தனை தடவை வைதிருக்கிறார்.

நடை தானாக மெதுவாயிற்று.

ஒன்பது நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை.

பத்தாம் நாள் வந்தார். கையில் ஒரு சிரட்டை. அதில் சுருங்கிப்போன எலுமிச்சம் பிஞ்சு.

"பூ நிக்கி தாயி. பட்டாணி அளவு வந்ததும் பிஞ்சு விழுது. தினமும் பொறுக்கி எண்ணினேன். புதன்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பங்கு விழுது. மேக்குப் பக்கத்து இலை மட்டும் மஞ்ச மஞ்சளா இருக்கு. தண்டுகிட்ட மண்ணு காயவே மாட்டேங்கு."

சந்தனமாரி சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தடிப் புத்தகத்தை மடியில் வைத்தாள். பொருளடக்கத்தில் விரல் ஓட்டினாள். நடுவில் பிரித்தாள். பிளேடை எடுத்துத் தையல் நூலைச் சரக்கென்று அறுத்தாள்.

"அடிப்பாவி!" என்றார் இசக்கியப்பன். "சரஸ்வதி! காலு பட்டாலே கண்ணுல ஒத்திக்கிடுவோம். நீ அறுக்கியே!"

"தலைவலிக்கு மெடிக்கலுக்குப் போனா ரெண்டு மாத்திரையக் கத்தரிச்சுத் தாரான். அப்ப மட்டும் கன்னத்துல போட்டுக்கிடுதியளா?"

பதினாறு பக்கக் கட்டு ஒன்று தனியாகக் கையோடு வந்தது. அதை நீட்டினாள்.

"எலுமிச்சை இதுக்குள்ள இருக்கு. முன்னால கொய்யாவோட வாலு, பின்னால மாதுளையோட தலை. அது ரெண்டுக்கும் காசு வேண்டாம். நாப்பது ரூவா."

"மிச்சத்த யாரு வாங்குவா?"

"ரோஜாவுக்குச் சீக்கு வந்தவ வருவா."

அந்தப் பதினாறு பக்கத்தை இசக்கியப்பன் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார். தண்டில் தண்ணீர் படக் கூடாது என்று போட்டிருந்தது. தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து, பாத்தியைத் தள்ளிப் போட்டு, அதில் பாய்ச்ச வேண்டும் என்று போட்டிருந்தது.

ஆனால் அவர்தான் தண்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதே இல்லையே? பிறகு ஏன் அங்கே காயவில்லை?

மரத்தின் மேற்கே போய் நின்றார். குனிந்து, ஈர மண்ணை எடுத்து மோந்து பார்த்தார்.

சவுக்கார வாடை.

மதிலோரம் துவைக்கிற கல். செவ்வாயும் சனியும் வேலைக்காரப் பெண் துணி துவைப்பாள். அந்தத் தண்ணீர் புல்லுக்கு அடியில் சத்தமில்லாமல் ஓடி வந்து மரத்தடியில் தேங்கிக் கிடந்தது. புத்தகத்தில் துவைக்கிற கல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது. திரும்பத் திரும்பத் தேடினார். கிடையாது.

அன்றைக்கே மண்வெட்டியால் வாய்க்கால் கிழித்து அந்தத் தண்ணீரை மதிலுக்கு வெளியே சாக்கடையில் விட்டார். மற்றதைப் பதினாறு பக்கம் சொன்னபடி செய்தார்.

பங்குனி கடைசியில் டாக்டரம்மா மரத்தடியில் வந்து நின்றாள். கிளையைக் கையால் தாழ்த்திப் பார்த்தாள். கோலிக்குண்டு கோலிக்குண்டாகப் பச்சைக் காய்.

"நாளையிலேருந்து மல்லியையும் பாருங்க" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இசக்கியப்பன் அன்று சாயந்தரம் நேரே கோர்ட்டுச் சுவருக்குத்தான் போனார்.

"மல்லிக்கு மொட்டு செவந்து செவந்து போகுது தாயி. நாலு நாளா. கீழ்க்கிளையில மட்டும். நுனி மொட்டுக்குள்ள சின்னப் புழு இருக்கு. மல்லிப் பக்கத்தை வெட்டு. இந்த எலுமிச்சையை நீயே வச்சுக்கோ, காசுல கழிச்சிரு."

சந்தனமாரி அந்தப் பதினாறு பக்கத்தை வாங்கினாள். புரட்டினாள். ஓரத்தில் பென்சில் எழுத்து. கோணல் மாணலாக, மேலும் கீழுமாக.

'மேக்கே இலை மஞ்சளானா முதல்ல துவைக்கிற கல்லு எங்க இருக்குன்னு பாரு. மண்ணை மோந்து பாரு.'

அடுத்த பக்கத்தில்:

'இதுல பாத்தி தண்டுலேருந்து ரெண்டு அடின்னு போட்டிருக்கு. நம்ம கரிசலுக்குப் பத்தாது. மூணு அடி போட்டேன். காய் நின்னுச்சு.'

இசக்கியப்பனுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கிறுக்கிப்புட்டேன் தாயி. மறந்துரக் கூடாதுன்னு எழுதினது. ரப்பர் குடு, அழிச்சுத் தாரேன். அதுக்காக விலையைக் குறைச்சிராத."

அவள் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை. முதல் பக்கத்துக்குப் போய் மறுபடியும் ஓரத்தை மட்டும் படித்தாள். கடைசி வரைக்கும் படித்தாள்.

பிறகு சம்மணத்தைச் சரி பண்ணி நிமிர்ந்து உட்கார்ந்து, தகர டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"எவ்வளவு சொல்லுதிய அண்ணாச்சி?"